பாப்பாவின் ஏழு முத்துகள்

"மாமா, அம்மை வரக்கூடாதுன்னுதானே பாப்பாவுக்கு ஊசி போட்டாங்க? அப்புறம் எப்படி ஊசி போட்டதும் அம்மை வந்துச்சு?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவன் என் அக்கா மகன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். அவன் தங்கைக்கு ஒன்றேகால் வயது. அன்று காலையில் குளிப்பாட்டும்போது பாப்பாவின் வயிற்றில் இரண்டு, முதுகில் மூன்று, தொடையில் ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு என்று சின்னச் சின்னக் கொப்புளங்களை அக்கா பார்த்திருக்கிறாள். உடம்பும் லேசாகச் சுட்டது. அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டுவிட்டது. என் அம்மா, அதாவது அவனுடைய ஆச்சி, "அம்மா வந்திருக்கா, யாரும் சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேப்பிலை ஒடிக்கக் கிளம்பிவிட்டார். அத்தானோ, "காசையும் கொடுத்து நோயையும் வாங்கிட்டு வந்திருக்கோம்" என்று புலம்பினார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

இவ்வளவு பேர் பேசியதில் சரியான கேள்வியைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். கேள்வி நன்றாக இருந்ததால் நான் உடனே விடை சொல்லவில்லை.

"மருமகனே, முதல்ல ரெண்டு கணக்குப் போடு. பாப்பா உடம்புல மொத்தம் எத்தனை கொப்புளம்? ஊசி போட்டு இன்னைக்கு எத்தனாவது நாள்? இந்த ரெண்டு எண்ணும் தெரிஞ்சா, பாதி விடை நமக்குக் கிடைச்சிரும்."

முதல் கணக்கை உடனே முடித்தான். உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், விரலிடுக்கு எல்லாம் தேடிவிட்டு ஏழு என்றான். இரண்டாவதில் மாட்டிக்கொண்டான். அவர்கள் வீட்டில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். போன நாள்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டனவே! கடைசியில் பீரோவில் இருந்த தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, அதில் டாக்டரம்மா எழுதியிருந்த தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினான். பதினெட்டு நாள்.

பதினெட்டு, ஏழு. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சின்னம்மை வைரஸுக்கு மனிதரை விட்டால் வேறு வீடு கிடையாது. நாய், பூனை, மாடு எதுவும் அதை நமக்குத் தருவதில்லை. அம்மை கண்டவரின் மூச்சிலிருந்தும், கொப்புள நீரிலிருந்தும் அது காற்றில் கலக்கும். பக்கத்தில் இருப்பவரின் மூக்கு, தொண்டை வழியாக உள்ளே போகும். போனவுடன் கொப்புளம் வந்துவிடாது. தொண்டைக்கு அருகில் உள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கிப் பெருகும். பிறகு இரத்தத்தில் சில வெள்ளை அணுக்களின் மேல் சவாரி ஏறித் தோலை நோக்கிப் புறப்படும். தோலுக்கு வந்து சேர்ந்து அங்கேயும் பெருகிய பிறகுதான் முத்து முத்தாக மேலே தெரியும். இந்தப் பயணத்துக்கு 10 நாள் முதல் 21 நாள் வரை ஆகும். அதனால்தான் திங்கள்கிழமை பக்கத்து இருக்கைப் பையனிடமிருந்து வாங்கிய அம்மை, செவ்வாய்க்கிழமை உங்கள் முதுகில் தெரிவதில்லை. இரண்டு வாரம் கழித்து, பையன் குணமாகிப் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, உங்களுக்கு ஆரம்பிக்கும்.

அம்மை வந்தவரை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, ஒரு பக்கம் நீர்க்கொப்புளம், இன்னொரு பக்கம் காய்ந்த பொருக்கு என்று எல்லாம் கலந்திருக்கும். முத்துகள் ஒரே நாளில் வராமல் அலை அலையாக வருவதுதான் காரணம். ஊசி போடாத பிள்ளைக்கு மொத்தம் 250 முதல் 500 வரை வரும். வாய்க்குள், கண்ணிமையில், தலைமுடிக்குள் எல்லாம் வரும். எனக்கு வந்தபோது எட்டு வயது. எண்ணிப் பார்க்கத் தெம்பில்லை. தலையணையில் தலை வைத்தால் வலிக்கும், எழுந்து உட்கார்ந்தால் அரிக்கும் என்பது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஐந்நூறு எங்கே, ஏழு எங்கே! இந்த வித்தியாசத்துக்குக் காரணமானவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தகாஹாஷி என்ற மருத்துவர் வைரஸ்களைப் பற்றிப் படித்தவர். 1964ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அங்கே அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை வந்தது. கூட விளையாடிய குழந்தையிடமிருந்து தொற்றியது. முகத்தில் ஆரம்பித்து உடம்பெல்லாம் பரவி, கடும் காய்ச்சலில் பிள்ளை மூச்சுவிடவே சிரமப்பட்டான். அப்பாவும் அம்மாவும் இரவும் பகலும் மாறி மாறிக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார்கள். மகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் தந்தையின் மனதை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வைரஸைப் பற்றி இவ்வளவு படித்தும் மகன் துடித்தபோது கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தானே முடிந்தது? படித்த படிப்பை இந்த நோய்க்கு எதிராகப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தார். அடுத்த ஆண்டு ஜப்பானுக்குத் திரும்பி, ஒசாகா பல்கலைக்கழகத்தில் வேலையை ஆரம்பித்தார்.

தடுப்பூசிக்கு முதலில் வைரஸ் வேண்டும். அம்மை கண்ட ஒரு மூன்று வயதுச் சிறுவனின் கொப்புள நீரிலிருந்து தகாஹாஷி அதை எடுத்தார். அந்தச் சிறுவனுடைய குடும்பப் பெயர் ஓகா. இன்று உலகம் முழுவதும் போடப்படுகிற சின்னம்மைத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த வைரஸின் வாரிசுதான். அதன் பெயரும் 'ஓகா' வகைதான். பாப்பாவின் தொடையில் ஏறியதும் அதுவாகத்தான் இருக்கும். ஒசாகா எங்கே, எங்கள் பாப்பா எங்கே! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

எடுத்த வைரஸை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஐந்நூறு முத்தும் வந்துவிடும். அதன் வீரியத்தைக் குறைக்க வேண்டும். எப்படி? ஊட்டிக் குளிரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து பழகிய செடியைக் கொண்டுவந்து மதுரை வெயிலில் நட்டுப் பாருங்கள். சாகாது என்றாலும் தளதளவென்று வளராது. தகாஹாஷி செய்தது கிட்டத்தட்ட இதுதான். நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அவர் அந்த வைரஸை 34 டிகிரியில், ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் வளரவிட்டார். வளர்ந்ததை எடுத்துப் புதிய செல்களில் மறுபடி வளர்த்தார். இப்படிப் பதினொரு முறை. அடுத்து கினிப்பன்றியின் செல்களுக்கு மாற்றிப் பன்னிரண்டு முறை. குளிருக்கும் அந்நிய செல்களுக்கும் பழகிப்போன வைரஸ், மனித உடம்புக்குத் திரும்பி வந்தபோது பழைய வேகத்தை இழந்திருந்தது. உயிரோடு இருக்கிறது, பெருகவும் செய்கிறது, ஆனால் மெதுவாக, கொஞ்சமாக.

1974இல் அவர் இதை வெளியிட்டார். ஒரு மருத்துவமனை வார்டில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டதும், அதே வார்டில் இருந்த, அதுவரை அம்மை வராத இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டார்கள். வார்டில் அம்மை பரவவில்லை. சாதாரணமாக ஒருவருக்கு வந்தால் வார்டு முழுக்கச் சுற்றி வருகிற நோய் இது என்பதை நினைத்துக்கொண்டால்தான் இதன் பெருமை புரியும்.

"அப்போ வீரியம் குறைஞ்ச வைரஸ்தான் பாப்பாவுக்குக் கொப்புளம் போட்டுச்சா?" என்று இடையில் புகுந்தான் மருமகன். பிடித்துவிட்டான்!

ஆமாம். இது உயிருள்ள தடுப்பூசி. ஊசி போட்ட இடத்தில் வைரஸ் மெதுவாகப் பெருகுகிறது. உடம்பின் காவல் படை அதைப் பார்த்துவிடுகிறது. அதன் அடையாளத்தைப் படித்து, அதற்கேற்ற எதிர்ப்பொருளைச் செய்ய ஆரம்பிக்கிறது. இப்படி ஒருவன் வந்தான், இப்படி இருந்தான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியே நினைவுச் செல்களும் உருவாகின்றன. இந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே சில வைரஸ்கள் நழுவித் தோலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அவை கிளப்புகிற கொப்புளங்கள்தான் பாப்பா உடம்பில் தெரிந்தவை. முதல் ஊசி போட்ட 100 பிள்ளைகளில் மூன்று நான்கு பேருக்கு ஊசி போட்ட இடத்தில் ஓரிரண்டு கொப்புளம் வரும். இன்னொரு மூன்று நான்கு பேருக்கு உடம்பில் அங்கங்கே வரும், பெரும்பாலும் ஐந்தை ஒட்டிய எண்ணிக்கையில். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாடம் மட்டும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்கும்.

இந்தக் கொப்புளங்களும் ஊசி போட்ட மறுநாளே வருவதில்லை. வைரஸ் பெருகித் தோலுக்கு வர நாள் வேண்டுமே. ஐந்தாம் நாளிலிருந்து இருபத்தாறாம் நாள் வரைக்குள் வருவது வழக்கம். பாப்பாவின் பதினெட்டு இதற்குள் அழகாக உட்காருகிறது.

ஆனால் நாள் பொருந்துகிறது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒன்றேகால் வயதுக் குழந்தையின் தோலில் எத்தனையோ வரும். வேர்க்குரு வரும், கொசு கடித்த தடிப்பு வரும். ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. மிக அரிது, ஆனால் அவசரம். அதற்காகத்தான் ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். முதல் ஓரிரு நாளில் ஊசி போட்ட இடம் சிவந்து வலித்தால் அது ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிற சாதாரண விஷயம். பல குழந்தைகளுக்கு அதே நாளில் தட்டம்மைக்கான தடுப்பூசியும் போடுவார்கள். அதனால் வருகிற தடிப்பு ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் தெரியும். சிவப்பாக, தட்டையாக இருக்கும், உள்ளே நீர் கோக்காது.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அதுதான் பலரை ஏமாற்றும். ஊசி போடுவதற்கு முன்போ, போட்ட ஓரிரு நாளிலோ நிஜமான அம்மை தொற்றியிருக்கலாம். தடுப்பூசியின் பாடம் முடிவதற்குள் அந்த வைரஸ் பாதி தூரம் வந்திருக்கும். ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் நிறைய முத்துகள் வந்தால் மருத்துவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிப்பார்கள். பார்ப்பவர்களுக்கோ, "ஊசி போட்டதால்தான் வந்தது" என்றே தோன்றும். கொப்புளத்தைத் துடைத்தெடுத்து ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைப் பார்த்தால், வந்தவன் ஓகாவா, தெருவில் சுற்றும் வைரஸா என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். வீட்டில் ஏழு கொப்புளத்துக்கு இதெல்லாம் தேவைப்படாது.

அதனால்தான் அன்று சாயங்காலம் டாக்டரம்மா அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "மூணு வாரத்துக்குள்ள வீட்லயோ தெருவுலயோ யாருக்காவது அம்மை போட்டிருந்துச்சா?" யாருக்கும் இல்லை. இரண்டாவது கேள்வி, "ஊசி எப்போ போட்டோம்?" அக்கா வாய் திறப்பதற்குள், "இன்னையோட பதினெட்டு நாள் டாக்டர், மொத்தம் ஏழு கொப்புளம்" என்றானாம் மருமகன். அவர் அவனைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஊசியோட முத்துதான். தானா காய்ஞ்சு உதிர்ந்திரும்" என்றார்.

பெரிய மருந்து எதுவும் எழுதவில்லை. நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார், சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும் என்பதற்காக. காய்ச்சல் அடித்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால். ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்: ஊசி போட்டு ஆறு வாரம் வரை ஆஸ்பிரின் எந்த வடிவிலும் கூடாது. நிஜ அம்மையின்போது ஆஸ்பிரின் கொடுத்த சில குழந்தைகளுக்கு ஈரலையும் மூளையையும் தாக்குகிற 'ரே' நோய் வந்ததுண்டு. அதனால் தடுப்பூசிக்குப் பிறகும் இந்த எச்சரிக்கை. கொப்புளம் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போனால், சுற்றிலும் சிவந்து வீங்கிச் சுட்டால், குழந்தை துவண்டு போனால், வலிப்பு வந்தால் இரவென்றும் பாராமல் கூட்டி வரச் சொன்னார்.

அப்புறம் கீழ்வீட்டு அக்கா. அவர் மாசமாக இருக்கிறார். தினமும் மாலையில் மாடிக்கு வந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வார். சின்ன வயதில் அவருக்கு அம்மை வந்ததா என்று அவருக்கே நினைவில்லை. தடுப்பூசி வைரஸ் அடுத்தவருக்குப் பரவுவது மிக மிக அரிது. கொப்புளம் வந்த பிள்ளையிடமிருந்துதான் அதுவும் நடக்கும். கோடிக்கணக்கான ஊசிகள் போட்ட பிறகும், இப்படிப் பரவியதாக உறுதியானவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. இருந்தாலும் கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் விஷயத்தில் அந்த அரிதுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. பொருக்கு உதிரும் வரை கொப்புளத்தைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, கீழ்வீட்டு அக்காவைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வாசலில் நின்றபடியே பாப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார்.

ஆச்சி இதற்குள் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகியிருந்தார். "இது மூடநம்பிக்கைதானே மாமா?" என்று கேட்டான் மருமகன். அப்படிச் சட்டென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தடுப்பூசி இல்லாத காலத்தில் அந்தக் கொத்து, "இந்த வீட்டில் நோய் இருக்கிறது, உள்ளே வராதீர்கள்" என்று தெருவுக்குச் சொன்ன அறிவிப்புப் பலகை. நோயாளியைத் தனியே மெத்தென்ற துணியில் படுக்க வைத்ததும், நகத்தால் சொறியவிடாமல் வேப்பிலையால் வருடிவிட்டதும், பொருக்கு உதிர்ந்த பிறகே தண்ணீர் ஊற்றி வெளியே விட்டதும் பரவலைக் குறைத்த பழக்கங்கள்தான். ஆனால் டாக்டரிடம் காட்டாமல் இருப்பதும், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு மருந்து கூடாது என்பதும் தவறு. அதில் நான் ஆச்சியோடு சண்டையே போட்டிருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்க வைப்பதாலும் ஒரு கெடுதலும் வராது. சுத்தமான தோலில் சீழ் பிடிப்பது குறையும்.

அத்தானின் கோபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? சின்னம்மை பெரும்பாலும் தானே வந்து தானே போகிற நோய்தான். ஆனாலும் சிலருக்கு நுரையீரலுக்குள் போய்விடும், சிலருக்கு மூளையைத் தொடும். அமெரிக்காவில் 1995இல் தடுப்பூசி வருவதற்கு முன்பு ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். 100 முதல் 150 பேர் இறந்தார்கள். இன்று அங்கே அந்த நோய் நூற்றில் தொண்ணூறு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் சிறு வயதில் தப்பித்துப் பெரியவர்களான பிறகு அம்மை வாங்குகிறவர்கள் அதிகம். வயது ஏற ஏற இந்த நோய் கடுமையாகும். அத்தானுக்கே கல்லூரி விடுதியில்தான் வந்தது, பரீட்சை எழுத முடியாமல் போனது. அதை ஞாபகப்படுத்தியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நம் நாட்டில் அரசு இலவசமாகப் போடும் ஊசிகளின் வரிசையில் இது இன்னும் சேரவில்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆச்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு விலாவில் ஒரு பக்கமாகப் பட்டை போல் கொப்புளம் வந்து எரிந்தது. குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார். அக்கி! அக்கியைத் தருவதும் இதே சின்னம்மை வைரஸ்தான் என்றதும் மருமகன் வாயைப் பிளந்தான். அம்மை குணமான பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டின் ஓரத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளில் பதுங்கி உறங்கும். ஐம்பது அறுபது ஆண்டு கழித்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். ஆச்சிக்குச் சிறுமியாக இருந்தபோது வந்த அம்மைதான் எழுபது வயதில் அக்கியாகத் திரும்பியிருக்கிறது. தடுப்பூசி வைரஸும் பதுங்கக்கூடும் என்றாலும், ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி வருவது குறைவாகவே இருக்கிறது.

"ஒரு சந்தேகம் மாமா. என் வகுப்புல ஒருத்தன் சின்ன வயசுலயே ஊசி போட்டவன். போன மாசம் அவனுக்கு அம்மை வந்துச்சே?"

அதற்கும் எண்ணிக்கைதான் விடை. ஊசி போட்டு 42 நாளுக்கு மேல் ஆன பிறகு அம்மை வந்தால் அது ஊசியால் வந்ததல்ல. வெளியிலிருந்து வந்த வைரஸ், தடுப்பூசியின் காவலைத் தாண்டி நுழைந்திருக்கிறது. ஒரே ஒரு ஊசி போட்டவர்களில் சிலருக்கு இப்படி நடக்கும். ஆனால் காவல் முழுதாகத் தோற்பதில்லை. முத்துகள் பொதுவாக ஐம்பதுக்குள் நின்றுவிடும். பலவற்றில் நீர்கூடக் கோக்காது. காய்ச்சலும் அவ்வளவாக இருக்காது. அவன் எத்தனை நாள் லீவு போட்டான் என்று கேட்டேன். "அஞ்சே நாள். பதினஞ்சு புள்ளிதான் இருந்துச்சுன்னு பெருமையா சொன்னான்." குறைவாக இருந்தாலும் அதுவும் தொற்றும். அதனால் லீவு போட்டது சரி. இந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாவது ஊசி. இரண்டும் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அம்மை அண்டுவதே இல்லை.

மருமகன் தினமும் மாலையில் எனக்குக் கணக்கு ஒப்பித்தான். இருபதாம் நாள், ஏழும் காய ஆரம்பித்துவிட்டன, புதிதாக எதுவும் இல்லை. இருபத்து மூன்றாம் நாள், நான்கு பொருக்கு உதிர்ந்தது. இருபத்தாறாம் நாள், முதுகில் இருந்த கடைசியும் உதிர்ந்தது. ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் வெயிலில் வைத்துக் குளிப்பாட்டினார். கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்தார்.

"ரெண்டாவது ஊசிக்கு அப்புறமும் எண்ணணுமா மாமா?" என்றான்.

"அதுக்கப்புறம் நூத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். ஆனாலும் எண்ணு."

இப்போது அவர்கள் வீட்டுக் காலண்டரில் தாள் கிழிபடுவதில்லை. மேலே மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறான். இரண்டாவது ஊசிக்கு டாக்டரம்மா சொன்ன நாளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.